மெழுகு வைத்த கல்லடுக்கு

அக்டோபர் 9

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. ஃபோனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் நான் கத்துகிறேன், நீங்கள் பட்டென்று வைத்துவிடுகிறீர்கள். நான் கத்துவதைக் கேட்டு அப்பா வேறு பயந்து எழுந்துகொள்கிறார். தாளில் கத்தினால் யார் தூக்கமும் கெடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்காக வீட்டில் நாலு பேரைக் கூட்டினோம். அவன் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் வைத்தோம். அவனிடம் படகு எஞ்சின் வேலை கற்றுக்கொண்டவர்கள்கூட விடுப்பு எடுத்து வந்து ஓரமாக நின்றார்கள். உங்கள் நாற்காலி மட்டும் காலி. வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பொண்டாட்டி எங்க?" உடம்புக்கு முடியவில்லை என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா சும்மா இருப்பாளா? "ஒடம்புக்கு முடியாதவ ஏரிக்கரையில கல்லை அடுக்கிட்டு நிக்கறாளாமே! என் மருமகன் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னான்" என்று நடுக்கூடத்தில் போட்டு உடைத்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

படகு கவிழ்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தண்ணீருக்குள் இறங்கித் தேடுகிற ஆட்கள் தேடிவிட்டார்கள். போலீஸ் கையை விரித்துவிட்டது. அண்ணன் இனி வரமாட்டான் என்பது எனக்குப் புரிந்த மாதிரி உங்களுக்கு ஏன் புரியவில்லை? கல்லை அடுக்கி வைத்தால் தண்ணீர் அவனைத் திருப்பிக் கொடுத்துவிடுமா? அவன் உங்களுக்குப் புருஷன் என்றால் எனக்கு அண்ணன். எனக்கு மட்டும் நெஞ்சு இல்லையா?

— பல்லி

(அண்ணன் வைத்த பெயர். பல் செய்கிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே வைத்துவிட்டான். வேறு பெயரில் கையெழுத்துப் போட்டால் யாரோ எழுதிய மாதிரி இருக்கிறது.)



அக்டோபர் 17

பல்லிக்கு,

வேலைக்கு நடுவே விடுதியின் சலவை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இயந்திரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் முடித்தாக வேண்டும். எனக்கு உன்னைப் போல எழுதவும் வராது.

எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. கல்லை வைத்து எந்த வேண்டுதலும் இல்லை. உன் அண்ணன் உயிரோடு வருவார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாவது நாள், படகை நிமிர்த்தி இழுத்து வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் தேடுவது அவர் உடம்பை.

படகுத்துறைக்கு வடக்கே கரை முழுக்கப் பாறை. நீ ஒரு தடவை வந்தபோது செருப்பு வழுக்கி உட்கார்ந்தாயே, அந்தப் பக்கம். ஒரு பாறைக்கும் இன்னொரு பாறைக்கும் வித்தியாசம் தெரியாது. காற்று அந்தப் பக்கமாகத்தான் அடிக்கிறது. படகும் அங்கேதான் ஒதுங்கியது. தொடக்கத்தில் எந்தக் குறியும் இல்லாமல் தேடினேன். பார்த்த இடுக்கையே மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. அதனால் ஓர் இடத்தைப் பார்த்து முடித்ததும் அங்கே மூன்று கல் வைக்கிறேன். பெரிது ஒன்று, அதன்மேல் சின்னது, அதற்கும் மேலே உள்ளங்கை அளவில் ஒன்று. "இங்கே இல்லை" என்று அர்த்தம். வேறு ஒன்றும் இல்லை. காலையில் வேலைக்கு முன்னால் கொஞ்சம், மத்தியானம் துணி காயும் நேரத்தில் கொஞ்சம். இப்படித்தான் போகிறது.

நீ படம் வைத்தாய். அது உனக்கு முடிந்தது. வைப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வராங்க, நீங்களும் வந்துடுங்க" என்று வெளியாளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாய்.

மாமாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

— அண்ணி



அக்டோபர் 25

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். ஒரு கையில் யாரோ ஒரு கிழவருடைய மேல்வரிசைப் பல்செட். மறுகையில் உங்கள் கடிதம். படித்து முடித்துப் பார்த்தால் அவருடைய கடைவாய்ப் பல்லைத் தேவைக்கு மேல் ராவித் தள்ளியிருக்கிறேன். மனிதர் இனி அந்தப் பக்கம் மென்று பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டப்போகிறார்.

அப்பாவைப் பற்றி எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குக் கை மட்டுமில்லை, நினைவும் நழுவுகிறது. பழையதெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. புதிதாக எதைச் சொன்னாலும் தங்குவதில்லை. தினமும் காலையில் கண் விழித்ததும், "வந்துட்டானா?" என்று கேட்கிறார். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். அழுதார். நானும் அழுதேன். மறுநாள் காலை மறுபடியும், "வந்துட்டானா?" மறுபடி சொன்னேன். அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி மறுபடி அழுதார். ஒவ்வொரு நாளும் அவருக்கு மகன் புதிதாகச் சாகிறான் அண்ணி. சொல்கிற வாய் என்னுடையது.

படத்தை வைத்து, நாலு பேர் வந்து நின்றால் அவர் மனதில் பதியும் என்று நினைத்தேன். அதற்குத்தான் அவசரப்பட்டேன். அப்பா படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லா விழுந்திருக்கு. எப்ப எடுத்தது?" என்றார். அவ்வளவுதான்.

அதிலிருந்து நான் உண்மையைச் சொல்வதில்லை. "எஞ்சின் பாக்கப் போயிருக்கான்பா" என்கிறேன். "சாப்பிட்டுட்டுப் போனானா?" என்று கேட்கிறார். "சாப்பிட்டான்பா" என்கிறேன். ஊரைக் கூட்டி அண்ணன் செத்துவிட்டான் என்று சொன்னவளும் நான்தான், தினமும் அவனுக்குச் சாப்பாடு போட்டு வேலைக்கு அனுப்புகிறவளும் நான்தான். இதில் உங்களைப் பைத்தியம் மாதிரி நினைத்து எழுதினேன் பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மனதில் வைத்துப் புழுங்குவதைவிடக் கேட்டுவிடுவது மேல். அன்றைக்குக் காலையில் உங்கள் இரண்டு பேருக்கும் சண்டையா? கோபத்தில்தான் அவன் காற்றைப் பார்க்காமல் படகை எடுத்தான் என்று பெரியம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

— பல்லி



நவம்பர் 6

பல்லிக்கு,

சண்டை நடந்தது உண்மைதான். காரணத்தைக் கேட்டால் உன் பெரியம்மாவுக்குச் சப்பென்று போய்விடும். குளியலறைக் குழாய். சொட்டுச் சொட்டென்று ஒழுகிக்கொண்டே இருந்தது. "ஊர்ல இருக்கற எஞ்சினை எல்லாம் ஓட வைக்கறீங்க, வீட்டுக் குழாய் ஒழுகறது மட்டும் கண்ணுல படாதா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "வாஷரை எடுத்து வை. இந்த எஞ்சினை ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வந்து மாத்திடறேன்" என்றார். அப்போது ஏரியில் காற்றே இல்லை, பிறகுதான் கிளம்பியது. துறையில் இருக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். கோபத்தில் போகவில்லை. வேலைக்குப் போனார்.

மாமாவுக்கு நீ சொல்லும் பதில் எனக்குத் தப்பாகப் படவில்லை. இதை நீ முதலிலேயே எழுதியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்திருப்பேன்.

இங்கே வேறு ஒரு கூத்து. விடுதிக்கு வருகிறவர்கள் என் கல்லைப் பார்த்துவிட்டுத் தாங்களும் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் ஒன்றிரண்டு என்று நினைத்தேன். சனி ஞாயிறு முடிந்து போய்ப் பார்த்தால் கரை முழுக்கக் கல்லடுக்கு. ஏழு கல், எட்டு கல் என்று கோபுரம் மாதிரி நிற்கிறது. மூன்று கல் அடுக்குகளும் நிறைய. எது நான் வைத்தது, எது அவர்கள் வைத்தது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை ஒருவன் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தான். நல்ல உயரம், நெட்டையன். விடுதியில் மாடி அறை அவனுக்கு.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"சும்மாதாங்க. இங்க எல்லாரும் அடுக்கியிருக்காங்களே. மனசுக்கு அமைதியா இருக்கு."

"எல்லாரும் இல்ல. நான் ஒருத்திதான் அடுக்கினேன்."

"அப்படியா! ரொம்ப அழகா பண்ணியிருக்கீங்க."

காலால் எட்டி உதைத்தேன் பல்லி. அவன் கட்டியதெல்லாம் தண்ணீரில் போய் விழுந்தது. "என் புருஷனைத் தேடிட்டு இருக்கேன். தேடின எடத்துல அடையாளம் வைக்கறேன். உங்களுக்கு அமைதி வேணும்னா ரூம்ல போய்ப் படுங்க" என்றேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்தான். கையில் இருந்த ஒரு கல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

விடுதிக்காரர் மாலையில் என்னைக் கூப்பிட்டு, "விருந்தாளிங்ககிட்ட இப்படியா நடந்துக்கறது?" என்று கேட்டார். கல்லடுக்குகளைப் படம் பிடித்து வரவேற்பு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வருகிறார்களாம். அந்த விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளைத்தான் அப்போது இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் தட்டிவிட்டு, துறையிலிருந்து மறுபடி தொடங்கப்போகிறேன்.

— அண்ணி



நவம்பர் 14

அண்ணி,

இத்துடன் வரும் பார்சலைத் தின்பண்டம் என்று நினைத்துப் பிரிக்காதீர்கள். அது பட்டறை மெழுகு. பல்செட்டுக்கு ஈறு அமைக்கிற இளஞ்சிவப்புத் தகடு. கட்டைவிரல் அளவு கிள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் இளகும். மேல் கல்லுக்கும் நடுக் கல்லுக்கும் நடுவில் வைத்து அழுத்திவிடுங்கள். குளிரில் இறுகிக்கொள்ளும், மழைக்குக் கரையாது. ஊரில் யார் வேண்டுமானாலும் கல் அடுக்கலாம், ஈறு வைத்து அடுக்க உங்களைத் தவிர ஆள் கிடையாது.

எங்கள் பட்டறை முதலாளி, "இவ்வளவு மெழுகும் எந்த வாய்க்கு?" என்று கேட்டார். "ஏரிக்கு" என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் இன்னும் ஒரு கட்டு எடுத்து வந்து கொடுத்தார்.

குழாய்க் கதையைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் மெழுகு உருக்கும் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு அழுதேன். அண்ணன் எப்போதும் அப்படித்தான். எங்கள் வீட்டிலும் அவன் கழற்றிப் போட்ட மின்விசிறி ஒன்று இன்னும் பரணில் கிடக்கிறது.

உங்களைக் கேட்காமல் படம் வைத்திருக்கக் கூடாது. பெரியம்மாவிடம் குழாய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அவ்வளவுதானா?" என்றாள். முகம் தொங்கிவிட்டது.

பாறையில் வழுக்கி விழுந்து வைக்காதீர்கள். உங்களைத் தேட எனக்குக் கல் அடுக்க வராது.

— பல்லி



நவம்பர் 29

பல்லிக்கு,

மெழுகு நன்றாகப் பிடிக்கிறது. தூரத்திலிருந்தே கோடு மாதிரி தெரிகிறது. துறையிலிருந்து பிளந்த பாறை வரைக்கும் முடித்துவிட்டேன். அதைத் தாண்டியும் கொஞ்சம். இனி மிச்சம் இருப்பது கரை வளைவுக்கு அந்தப் பக்கம்தான்.

மழை சரியாக இல்லாததால் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. துறையில் படிக்கட்டின் அடி தெரிகிறது. படகுக்காரர்கள் புலம்புகிறார்கள்.

ஒன்று புரியவில்லை. காற்றில் சரிந்த என் அடுக்குகள் சில, அடுத்த தடவை போகும்போது நிமிர்ந்து நிற்கின்றன. மெழுகும் சரியாக இருக்கிறது. யார் வேலை என்று தெரியவில்லை. கெடுதல் செய்யவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது ஒரு தடவை வா. தேட வேண்டாம். சும்மா வா.

— அண்ணி



டிசம்பர் 19

பல்லிக்கு,

நீ பஸ் ஏறிப் போனபிறகு வீட்டுக்கு வந்து தூங்கினேன். விழித்தபோது எந்த நாள் என்றே தெரியவில்லை. அவரை வழியனுப்புகிற வேலைகளில் எனக்கு எதுவும் வைக்காமல் நீயே ஓடியாடிச் செய்தாய். அந்த நாட்களில் நாம் இருவரும் நிறையப் பேசினோம், ஆனால் ஒன்றை நான் உன்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் ஆட்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். இருக்காவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

அன்றைக்கு நெட்டையன் சலவை அறைக்கு ஓடி வந்தான். அவன் மறுபடி விடுதிக்கு வந்து தங்கியிருந்தான். பார்த்தாலும் பேசுவதில்லை. வாசலில் நின்று, "அக்கா" என்றான். உடம்பில் சட்டை இல்லை, வெறும் பனியன். எனக்குப் புரிந்துவிட்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கூடவே போனேன்.

தன் மேல்சட்டையைக் கழற்றி அவர்மேல் போர்த்திவிட்டுத்தான் வந்திருக்கிறான். பிளந்த பாறையைத் தாண்டி, ஒரு பெரிய கல்லுக்கு அடியில் குகை மாதிரி உள்வாங்கிய இடம். தண்ணீர் இறங்கியதால் வாய் திறந்துவிட்டது. அந்தப் பெரிய கல்லின்மேல் என் அடுக்கு சரிந்து கிடந்தது. இரண்டு கல். ஒன்றில் உன் மெழுகு.

போலீஸ்காரர், "இந்த எடத்துல முன்னாடி யாரும் தேடலையா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன்.

தேடினேன். அந்தக் கல்லின்மேல் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இங்கே இல்லை" என்று கல் வைத்தேன். அவர் என் காலுக்குக் கீழே இருந்தார். கல் வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டக் கூப்பிட்டபோது நான் எழுந்தேன். நீ என் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாய். இத்தனை நாள் தேடியவள் நான், கடைசியில் பார்க்காமல் வெளியே உட்கார்ந்திருந்தேன். நீ வந்து, "என் வேலைதான் அண்ணி" என்று மட்டும் சொன்னாய். எஞ்சின் கைப்பிடி எகிறி அவருக்கு முன்பல் உடைந்தபோது நீ செய்து கொடுத்த பல். நிறம் சரியில்லை என்று அவர் உன்னோடு சண்டை பிடித்த பல். நீ உள்ளே வேறு என்ன பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஆனால் அந்தக் கல் என்னை விடமாட்டேன் என்கிறது.

— அண்ணி



டிசம்பர் 27

அண்ணி,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு தாளைக் கிழித்தேன்.

நீங்கள் எனக்குச் சொல்லாத ஒன்று மாதிரி, நானும் உங்களுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நெட்டையன் வந்தான். நீங்கள் எனக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தீர்கள். என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று ரொம்ப நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அன்னிக்கு அக்கா திட்டினாங்க இல்லையா, அப்புறம் எனக்கு நிம்மதியே இல்லைங்க. ஊருக்குப் போயும் அதே நெனப்பு. லீவு போட்டுட்டு மறுபடி வந்தேன். கூடச் சேந்து தேடறேன்னு கேக்கவும் பயம். அதான் அவங்க வெச்ச அடுக்கு எதுவும் விழாம பாத்துக்கலாம்னு, தெனமும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வருவேன். அந்த ரோஸ் கலரைப் பாத்துத்தான் கண்டுபிடிப்பேன். அன்னிக்கு அந்தப் பெரிய கல்லு மேல இருந்த அடுக்கு சரிஞ்சிருந்துச்சு. மேல் கல்லு உருண்டு அடியில விழுந்திருந்துச்சு. அதை எடுக்கத்தான் குனிஞ்சேன்" என்றான்.

அண்ணி, நன்றாகக் கேளுங்கள். நீங்கள் அங்கே கல் வைத்தபோது அந்தக் குகைக்குள் தண்ணீர் நிரம்பி நின்றது. அண்ணன் அன்றைக்கு அங்கேதான் இருந்தானா, பிறகு அலை கொண்டுவந்து சேர்த்ததா என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி டாக்டரிடமும் கேட்டேன், சொல்ல முடியாது என்றார். அங்கேயே இருந்திருந்தாலும் பாறையைத் துளைத்துப் பார்க்க உங்களுக்கு என்ன, எக்ஸ்ரே கண்ணா? ஆனால் இது மட்டும் தெரியும். நீங்கள் அந்த இடத்தில் கல் வைக்காமல் இருந்திருந்தால் நெட்டையன் அங்கே குனிந்திருக்க மாட்டான். மழை வந்திருக்கும், தண்ணீர் ஏறியிருக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் ஆயுசு முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அண்ணன் இருந்த இடத்தைக் காட்டியது உங்கள் கல்தான். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வராது என்பது உங்களுக்கே தெரியும்.

இங்கே நான்தான் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். திரும்பி வந்த அன்றைக்கு, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிதானமாகக் கேட்டார்.

"எங்க இருந்தான்?"

"ஏரிக்கரையிலப்பா."

"யாரு தேடினா?"

"அண்ணி."

பிறகு, "தனியாவா?" என்றார்.

மறுநாள் காலை கண் விழித்ததும், "வந்துட்டானா?"

முன்பெல்லாம் எஞ்சின் பார்க்கப் போயிருக்கிறான் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். இப்போது சொல்ல முடியவில்லை. அவனைப் பார்த்துவிட்ட கண் இது. உண்மையைச் சொல்லவும் தெம்பு இல்லை. அடுப்பில் ஏதோ வைத்த மாதிரி எழுந்து சமையலறைக்குள் போய்விடுகிறேன். அவர் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

— பல்லி



ஜனவரி 4

பல்லிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கரைக்குப் போனேன். அந்தப் பெரிய கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீ சொல்வது சரியாக இருக்கலாம். முழுதாக இன்னும் மனதில் ஏறவில்லை, ஆனால் நேற்று ராத்திரி தூக்கம் வந்தது.

நெட்டையனைப் பார்த்தேன். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். போலீஸ் அவன் சட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம். உன் அண்ணனுடைய கம்பளிச் சட்டை ஒன்றைக் கொடுத்தேன். கை நீளம் போதவில்லை. பரவாயில்லை அக்கா என்று போட்டுக்கொண்டு போனான்.

கல்லடுக்குகளை என்ன செய்யப்போகிறேன் என்று விடுதிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். உங்கள் விருப்பம் என்றேன். எனக்கு இனி அவை வேண்டியதில்லை. விடுப்பு வேண்டும் என்று கேட்டேன். எவ்வளவு நாள் என்றார். தெரியாது என்றேன். வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன், நீ திரும்பி வந்தால் உன் வேலை உனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். எனக்கு உன் அறையிலேயே ஓரமாக ஒரு பாய் போதும். மாமா என்னை அடையாளம் தெரிந்துகொள்வாரா என்று தெரியாது. தெரியாவிட்டால் யார் என்று சொல்கிறேன்.

காலையில் அவர் கேட்கும்போது நீ சமையலறைக்குப் போக வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்துகொள். ஆஸ்பத்திரியில் எனக்குப் பதிலாக நீ உள்ளே போனாய். மாமாவுக்கு நான் சொல்கிறேன். தினமும் கேட்டாலும் தினமும் சொல்கிறேன்.

— அண்ணி